குழுத் தலைவரின் நாற்காலி: அமெரிக்கச் சட்டமன்றத் தேர்தல்களும் வெளியுறவுக் கொள்கையும்

1918 நவம்பர் 5 அன்று மிச்சிகன் மாநிலத்தில் நடந்த செனட் தேர்தலில் இரண்டு செல்வந்தர்கள் மோதினார்கள். ஒருவர் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு. அதிபர் உட்ரோ வில்சனே கேட்டுக்கொண்டதால் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றவர்; பிரசாரத்தில் பெரிதாக இறங்கவில்லை. மற்றவர் குடியரசுக் கட்சியின் ட்ரூமன் நியூபெரி, முன்னாள் கடற்படை அமைச்சர், பணத்தைத் தாராளமாகச் செலவழித்தவர். நியூபெரி சில ஆயிரம் வாக்குகளில் வென்றார். அந்தச் செலவே பிறகு வழக்காகி, உச்ச நீதிமன்றம் வரை போய், 1922இல் அவர் பதவி விலகுவதில் முடிந்தது. ஆனால் அதற்குள் அந்தச் சில ஆயிரம் வாக்குகள் தம் வேலையைச் செய்து முடித்திருந்தன.

அன்றைய செனட்டில் மொத்தம் 96 இடங்கள். குடியரசுக் கட்சிக்கு 49, ஜனநாயகக் கட்சிக்கு 47 என்று கணக்கு வந்து நின்றது. ஃபோர்டு வென்றிருந்தால் 48க்கு 48. சரிசமமானால் முடிவு வாக்கு துணை அதிபருடையது. அந்தப் பதவியில் இருந்த தாமஸ் மார்ஷல் வில்சனின் கட்சிக்காரர். அப்படியானால் செனட்டின் வெளியுறவுக் குழுவுக்கு வில்சனின் ஆதரவாளரான கில்பர்ட் ஹிட்ச்காக் தலைவராகத் தொடர்ந்திருப்பார். நடந்ததோ வேறு. அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தவர் வில்சனை அரசியலிலும் தனிப்பட்ட முறையிலும் வெறுத்த மாசசூசெட்ஸ் செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ்.

தேர்தல் நடந்தது முதல் உலகப் போர் முடிந்துகொண்டிருந்த வாரத்தில். பாரிசில் கூடி, போரே இல்லாத உலகத்துக்கான அமைப்பாகப் பன்னாட்டுச் சங்கத்தை எழுப்ப வில்சன் கிளம்பிக்கொண்டிருந்தார். தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்பு, அக்டோபர் 25 அன்று, மக்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள் விடுத்தார்: தன் கட்சிக்கே பெரும்பான்மை தர வேண்டும், இல்லாவிட்டால் கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் இதைத் தன் தலைமையின் நிராகரிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று. போர்க்காலம் முழுவதும் அவருக்குத் தோள் கொடுத்திருந்த குடியரசுக் கட்சியினர் கொதித்துப்போனார்கள். தோற்றால் தன்னை எப்படி அளக்கலாம் என்று எதிரிகளுக்கு அவரே அளவுகோலை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மக்கள் பன்னாட்டுச் சங்கத்தை மறுத்தா வாக்களித்தார்கள்? இல்லை. கான்சஸ் போன்ற மத்திய மேற்கு மாநிலங்களின் விவசாயிகள் கோதுமை விலைக் கட்டுப்பாட்டின் மீது கோபமாக இருந்தார்கள். அவர்களுடைய கோதுமைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. வில்சனின் கட்சிக்குக் கோட்டையாக இருந்த தென் மாநிலங்களின் பருத்திக்கு அப்படி எதுவும் இல்லை. கோதுமைக்காகப் போட்ட வாக்கு பாரிஸ் உடன்படிக்கையின் தலைவிதியைத் தீர்மானித்தது. சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் அமெரிக்க வெளியுறவை எப்படி மாற்றும் என்று கேட்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். வாக்காளர் எதற்காக வாக்களித்தார் என்பது வேறு; அந்த வாக்கு யாரை எந்த நாற்காலியில் உட்கார வைத்தது என்பது வேறு. வெளியுறவைப் பொறுத்தவரை பின்னதே கனமானது.

லாட்ஜ் அந்த நாற்காலியைப் பயன்படுத்திய விதம் ஒரு பாடப்புத்தகத்துக்கு உரியது. செனட்டில் அவருடைய கட்சிக்கு இரண்டே இடம்தான் அதிகம். குழுவிலோ பத்துக்கு ஏழு என்று அமைத்துக்கொண்டார். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் எந்த வடிவத்திலும் சங்கமே வேண்டாம் என்றவர்கள். சங்கத்தையும் உள்ளடக்கிய பாரிஸ் உடன்படிக்கை 1919 ஜூலையில் செனட்டுக்கு வந்தபோது அதன் வாசகம் முழுவதையும் குழுவில் உரக்க வாசிக்கத் தொடங்கினார். அதற்கே இரு வாரங்கள் ஆயின. பிறகு ஆறு வாரம் சாட்சி விசாரணை. அதற்குள் பொதுமக்களின் ஆரம்ப உற்சாகம் வடிந்தது. பொறுமையிழந்த வில்சன் ரயிலேறி நாடு முழுக்கப் பேசப் புறப்பட்டார். செப்டம்பர் 25 அன்று கொலராடோவின் புயெப்லோவில் பேசிய பிறகு உடல் தளர்ந்தது. அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கியது.

1919 நவம்பர் 19 அன்று முதல் வாக்கெடுப்பு. லாட்ஜின் 14 நிபந்தனைகளோடு சேர்த்த வடிவம் 39க்கு 55 என்று தோற்றது. நிபந்தனை இல்லாத வடிவம் 38க்கு 53 என்று தோற்றது. 1920 மார்ச் 19 அன்று மறுபடியும் வாக்கெடுப்பு: ஆதரவு 49, எதிர்ப்பு 35. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைவு. எதிர்த்த 35 பேரில் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சியினர். நிபந்தனைகளை ஏற்க வேண்டாம் என்று நோய்ப் படுக்கையிலிருந்து அவர் சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே சங்கத்தை லாட்ஜ் மட்டுமே கொன்றார் என்று எழுதுவது நியாயமாகாது. பாரிசுக்குப் போன குழுவில் செல்வாக்குள்ள ஒரு குடியரசுக் கட்சி செனட்டரைக்கூட வில்சன் சேர்த்துக்கொள்ளவில்லை. தேர்தல் கதவைப் பாதி சாத்தியது. மீதியைச் சாத்தியது அவருடைய பிடிவாதம். அமெரிக்கா பன்னாட்டுச் சங்கத்தில் கடைசிவரை சேரவில்லை. ஜெர்மனியோடு 1921 ஆகஸ்டில் தனியாக ஒரு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது.

நம் நாட்டு நாடாளுமன்ற முறைக்குப் பழகிய கண்களுக்கு இது எளிதில் பிடிபடாது. நம்மிடம் அவையில் பெரும்பான்மை இழந்தால் ஆட்சி போய்விடும். பெரும்பான்மை இருக்கும்வரை வெளிநாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட அரசுக்கு அவையின் ஒப்புதல் தேவையில்லை. அமெரிக்காவில் இரண்டுமே தலைகீழ். காங்கிரசின் இரு அவைகளான செனட்டும் பிரதிநிதிகள் அவையும் எதிர்க்கட்சி கைக்குப் போனாலும் அதிபர் நான்காண்டு முழுக்க இருப்பார், படைகளின் தலைமைத் தளபதியும் அவரே. ஆனால் உடன்படிக்கைக்கு, வாக்கெடுப்பில் கலந்துகொள்ளும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். தூதர் நியமனத்துக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். ஒரு டாலர் செலவழிக்கவும் இரு அவைகளும் சட்டம் இயற்ற வேண்டும். போரை அறிவிக்கும் அதிகாரமும் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் அரசியல் சாசனப்படி காங்கிரசுக்கே உரியவை. அதனால் அதிபர் பதவியில் இருக்கும்போதே, அவருடைய பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தல் அவருடைய கையைக் கட்டவோ அவிழ்க்கவோ முடிகிறது.

கட்டுவது எளிது, அவிழ்ப்பது அரிது. தடுக்க ஒரு குழுத் தலைவர் போதும். எதையாவது புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் இரு அவைகள், இரு கட்சிகள், அதிபரின் கையெழுத்து எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே திசையில் நிற்க வேண்டும். அப்படி நின்ற தருணங்கள் குறைவு. அவற்றில் மிகப் பெரியது, அதிபர் படுதோல்வி அடைந்த ஒரு தேர்தலுக்குப் பிறகு வந்தது என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி.

1946 நவம்பர். இறைச்சித் தட்டுப்பாடு, விலையேற்றம், தொடர் வேலைநிறுத்தங்கள். அதிபர் ஹாரி ட்ரூமனின் கட்சி இரு அவைகளையும் இழந்தது. 1930 தேர்தலுக்குப் பிறகு குடியரசுக் கட்சிக்குக் கிடைத்த முதல் பெரும்பான்மை அது. ட்ரூமனின் கட்சியைச் சேர்ந்த செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட்டே, குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரை வெளியுறவு அமைச்சராக்கிவிட்டு அதிபர் விலகிவிடலாம் என்று யோசனை சொன்னார். அப்போது துணை அதிபர் இல்லாததால் அடுத்த வாரிசு வெளியுறவு அமைச்சரே. லாட்ஜ் அமர்ந்த அதே நாற்காலியில் இம்முறை வந்து அமர்ந்தவர் ஆர்தர் வாண்டன்பர்க். அவரும் மிச்சிகன்காரர், 1928இல் செனட்டுக்குள் வந்தவர். போருக்கு முன்பு ஐரோப்பிய விவகாரங்களில் அமெரிக்கா தலையிடவே கூடாது என்று வாதாடியவர், 1945 ஜனவரி 10 அன்று ஆற்றிய உரையில் அந்த நிலைப்பாட்டை வெளிப்படையாகக் கைவிட்டார்.

1947 பிப்ரவரியில், கிரீசையும் துருக்கியையும் இனித் தன்னால் தாங்க முடியாது என்று பிரிட்டன் தெரிவித்தது. பிப்ரவரி 27 அன்று ட்ரூமன் இரு கட்சித் தலைவர்களையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். வெளியுறவுத் துணை அமைச்சர் டீன் அச்சிசன் நிலைமையை விளக்கினார். இதே வேகத்தோடு நீங்கள் காங்கிரசில் பேசினால் நான் ஆதரிப்பேன், பலரும் ஆதரிப்பார்கள் என்ற பொருளில் வாண்டன்பர்க் பதில் சொன்னார். மார்ச் 12 அன்று ட்ரூமன் காங்கிரஸ் முன் வந்து 40 கோடி டாலர் கேட்டார். வாங்கிக்கொண்டார். அந்த உரைதான் ட்ரூமன் கோட்பாடு என்று பெயர் பெற்றது.

மார்ஷல் திட்டத்தில் வாண்டன்பர்கின் கை இன்னும் ஆழமாக விழுந்தது. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டில் அறிவித்த யோசனைக்கு நான்காண்டு செலவாக 1,700 கோடி டாலர் என்ற தொகையை மசோதாவில் எழுதியிருந்தது நிர்வாகம். அந்த எண்ணையே எடுத்துவிடச் செய்தார் வாண்டன்பர்க். ஒவ்வோர் ஆண்டும் காங்கிரசிடம் வந்து கேட்க வேண்டும் என்றார். திட்டத்தை வெளியுறவுத் துறை நடத்தக் கூடாது, தனி நிறுவனம் வேண்டும், அதற்குத் தொழில் நடத்தித் தேர்ந்த ஒருவர் தலைவராக வேண்டும் என்றார்; ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனத்தின் தலைவரும் குடியரசுக் கட்சிக்காரருமான பால் ஹாஃப்மன் வந்தார். இதற்கெல்லாம் ட்ரூமன் இணங்கினார். தன் பெயரை வைத்தால் இந்தக் காங்கிரசில் தேறாது என்று தெரிந்தே திட்டத்துக்கு மார்ஷலின் பெயரை விட்டுக்கொடுத்தார். செனட்டில் 69க்கு 17 என்று நிறைவேறி, 1948 ஏப்ரல் 3 அன்று சட்டமானது. நான்காண்டுகளில் ஏறக்குறைய 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குப் போயிற்று. அதே ஆண்டு ஜூனில் வாண்டன்பர்க் கொண்டுவந்த தீர்மானம் 64க்கு 4 என்று நிறைவேறி, நேட்டோவுக்கு வழி திறந்தது.

ஒரே நாற்காலி, இரு எதிர்க்கட்சித் தலைவர்கள், நேரெதிரான இரு விளைவுகள். லாட்ஜுக்கும் வாண்டன்பர்குக்கும் உள்ள குண வேறுபாடு இதில் பாதி. செக்கோஸ்லோவாகியாவில் 1948 பிப்ரவரியில் நடந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக் கைப்பற்றலும் அமெரிக்கர்களை உலுக்கியிருந்தது. ஆனாலும் தோற்ற அதிபர் என்ன செய்தார் என்பதையே நான் முதலில் வைப்பேன். வில்சன் எதிர்க்கட்சியைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார். ட்ரூமன் வரைவு எழுதக் கூப்பிட்டார்.

தடுக்கும் அதிகாரத்துக்குத் திரும்பினால், வியட்நாம் போரின் முடிவு குறித்து அமெரிக்காவில் இன்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது: வாட்டர்கேட் ஊழலின் அலையில் 1974இல் வென்று வந்த காங்கிரஸ் தெற்கு வியட்நாமைக் கைவிட்டது, அதனால் சைகோன் வீழ்ந்தது என்று. தேதிகளை வைத்துப் பார்த்தால் கதை நிற்கவில்லை. இந்தோசீனாவில் அமெரிக்கப் படை நடவடிக்கைக்குத் தடை விதித்த சட்டம் 1973 ஜூனில் நிறைவேறி, ஆகஸ்ட் 15 முதல் அமலுக்கு வந்தது. போர் அதிகாரத் தீர்மானம் அதிபர் நிக்சனின் மறுப்பைத் தாண்டி நிறைவேறியது 1973 நவம்பர் 7 அன்று. தெற்கு வியட்நாமுக்கான ராணுவ உதவி 70 கோடி டாலராக வெட்டப்பட்டது 1974 கோடையில். இவை அனைத்தும் அந்தத் தேர்தலுக்கு முந்தியவை. புதிய காங்கிரஸ் செய்தது கடைசிக் கதவை அடைத்தது. அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1975 ஜனவரியில் கேட்ட 30 கோடி டாலரும் கிடைக்கவில்லை. ஏப்ரல் 10 அன்று கேட்ட 72.2 கோடி டாலரும் கிடைக்கவில்லை. ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது.

1974 தேர்தலின் நிஜமான விளைவு வேறிடத்தில் இருக்கிறது. பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சிக்கு 49 இடங்கள் கூடின. 1975 ஜனவரியில் அந்தப் புதியவர்கள் தங்கள் கட்சியின் மூத்த குழுத் தலைவர்கள் மூவரையே கீழே இறக்கினார்கள். அவர்களில் ஒருவர் ராணுவக் குழுவின் தலைவர் எட்வர்ட் ஏபேர். மூப்பு அடிப்படையில் சாகும்வரை நாற்காலி என்றிருந்த வழக்கம் அங்கே உடைந்தது. ராணுவத் தலைமையகத்துக்கு அதுவரை பாதுகாப்பாக இருந்த ஒரு வாசல் அது. அதே மாதம் சி.ஐ.ஏ.வை விசாரிக்க ஃபிராங்க் சர்ச் தலைமையில் செனட் குழு அமைந்தது. ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 19 அன்று, அங்கோலாவில் நடந்த ரகசிய உதவியை செனட் 54க்கு 22 என்று நிறுத்தியது. வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சர் எவ்வளவு வாதாடியும் பயனில்லை.

தடுக்கும் அதிகாரத்தை ஒரு தனி மனிதர் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு வட கரோலினாவின் ஜெசி ஹெல்ம்ஸ் எல்லை. 1994 தேர்தல் அவரை அதே வெளியுறவுக் குழுவின் தலைவராக்கியது. 1997இல் மெக்சிகோவுக்குத் தூதராக அதிபர் கிளிண்டன் தேர்ந்தெடுத்த வில்லியம் வெல்டு, ஹெல்ம்ஸின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர்; அந்த வேலைக்காக மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவியையே விட்டு வந்தவர். ஹெல்ம்ஸ் விசாரணைக்கூட்டம் வைக்கவே மறுத்தார். அதோடு முடிந்தது. அணு சோதனைகளை முழுமையாகத் தடைசெய்யும் உடன்படிக்கையில் 1996 செப்டம்பரில் முதல் கையெழுத்திட்டவர் கிளிண்டன். அது செனட்டுக்கு வந்த பிறகு ஈராண்டு ஹெல்ம்ஸின் குழுவில் அசையாமல் கிடந்தது; 1999 அக்டோபர் 13 அன்று 48க்கு 51 என்று தோற்றது. 1998 மே மாதம் பொக்ரானில் சோதனை நடத்திவிட்டுக் கையெழுத்திடும்படி நெருக்கப்பட்டுக்கொண்டிருந்த இந்தியாவுக்கு அந்த நெருக்கடி அன்றோடு தளர்ந்தது. கேட்கும் நாடே மறுத்த பிறகு கேட்பதற்கு என்ன வலு இருக்கும்?

2006 தேர்தல் இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கிறது. இராக் போர் மீது மக்கள் கோபமாக இருந்தார்கள். வாக்காளரின் நோக்கமும் வெளியுறவும் நேராகச் சந்தித்த அரிய தேர்தல் அது. அதிபர் புஷ்ஷின் கட்சி இரு அவைகளையும் இழந்தது. மறுநாளே, நவம்பர் 8 அன்று, பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு விலகுவது அறிவிக்கப்பட்டது. படை திரும்பும் என்று பலரும் நினைத்தார்கள். 2007 ஜனவரி 10 அன்று புஷ் இன்னும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். புதிய காங்கிரஸ் நிதி மசோதாவில் படை விலகலுக்குக் காலக்கெடு வைத்தது; மே 1 அன்று அவர் அதைத் திருப்பி அனுப்பினார்; மறுப்பைத் தாண்ட மூன்றில் இரண்டு பங்கு இல்லை; காலக்கெடு இல்லாமலே பணம் கொடுத்தார்கள். களத்தில் வீரர்கள் நிற்கும்போது பணத்தை நிறுத்தத் துணிந்த காங்கிரஸ் ஏறக்குறைய இருந்ததே இல்லை. மறுபடி போட்டியிட முடியாத அதிபருக்கோ தோல்வி ஒரு விடுதலையாகவும் அமையக்கூடும்.

அதே தேர்தலின் நிழலில் நம்மைத் தொட்ட ஒரு சட்டமும் நடந்தது. இந்தியாவுடனான அணுசக்தி ஒத்துழைப்புக்கான ஹைட் சட்டத்தை, தேர்தல் முடிந்து ஒன்பதாம் நாள், 2006 நவம்பர் 16 அன்று, செனட் 85க்கு 12 என்று நிறைவேற்றியது. தோற்றவர்கள் இன்னும் இருக்கையில் இருக்கும், புதியவர்கள் வந்து சேராத இடைவெளிக் கூட்டம் அது. ஜனநாயகக் கட்சித் தரப்பில் அப்போது செனட்டராக இருந்த ஜோ பைடன் ஆதரித்ததால் அவை கைமாறியும் ஒப்பந்தம் தப்பியது. 2008 ஜூலை 22 அன்று தில்லியில் இதே ஒப்பந்தத்துக்காக மன்மோகன் சிங் அரசு 275க்கு 256 என்ற நம்பிக்கை வாக்கில் உயிர் பிழைக்க வேண்டியிருந்ததை இதன் பக்கத்தில் வைத்தால் இரு முறைகளின் வேறுபாடும் துலங்கும். இங்கே அரசின் உயிரே பணயம். அங்கே குழுவும் நாட்காட்டியும்.

அந்த நாட்காட்டியின் மதிப்பை உக்ரைன் மிகக் கசப்பாகக் கற்றது. 2022 நவம்பரில் பிரதிநிதிகள் அவை 222க்கு 213 என்று குடியரசுக் கட்சியிடம் போனது. விலைவாசியும் கருக்கலைப்பு உரிமையுமே அந்தத் தேர்தலின் பெரிய பேச்சு. புதிய அவை பதவியேற்பதற்கு முன், டிசம்பரின் இடைவெளிக் கூட்டத்தில், பழைய காங்கிரஸ் சுமார் 4,500 கோடி டாலர் உதவியை நிறைவேற்றி வைத்தது. 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தி 15ஆவது சுற்றில்தான் சபாநாயகர் ஆனார். அதற்கு விலையாக, ஓர் உறுப்பினர் நினைத்தாலே தன்னை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஒப்புக்கொண்டார். அக்டோபர் 3 அன்று அப்படியே நீக்கப்பட்டார். அதே மாதம் அதிபர் பைடன் உக்ரைனுக்காகச் சுமார் 6,100 கோடி டாலர் கேட்டார். 2024 பிப்ரவரி 13 அன்று செனட் 70க்கு 29 என்று ஒப்புக்கொண்டது. புதிய சபாநாயகர் மைக் ஜான்சன் மசோதாவை அவையின் முன் வைக்கவில்லை. நான்கு நாளில், குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்த உக்ரைன் படை அவ்தீவ்கா நகரை விட்டுப் பின்வாங்கியது.

இரு அவைகளிலும் பெரும்பான்மை உறுப்பினர்கள் அந்த உதவியை விரும்பினார்கள் என்பதுதான் இதில் வலிக்கும் செய்தி. ஏப்ரல் 20 அன்று ஜான்சன் கடைசியில் வாக்கெடுப்புக்கு வைத்தபோது 311க்கு 112 என்று நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் அவர் கட்சியினர். ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 101 பேர் மட்டுமே. தன் கட்சியில் பெரும்பாலோர் எதிர்க்கும் மசோதாவைச் சபாநாயகர் அவைக்குக் கொண்டுவருவதில்லை என்பது அக்கட்சியில் நிலைத்த வழக்கம். அதை அவர் மீறியிருந்தார். மே 8 அன்று அவரை நீக்கும் தீர்மானம் வந்தது. 359க்கு 43 என்று அது தள்ளப்பட்டது. அந்த 359இல் 163 வாக்குகள் ஜனநாயகக் கட்சியினருடையவை.